பனிமனிதனும் பருத்திமாரும்

கோவில்பட்டிப் பக்கத்து நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் முன்னால் இரண்டு வாக்கியங்களை வைப்பதாக எண்ணிக்கொள்வோம். ‘பனி கொட்டியது, ராமு பனிமனிதன் செய்தான்’ என்பது ஒன்று. ‘பருத்திமாரை ஒடித்து ஒடித்து அடுப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் பாட்டி’ என்பது மற்றொன்று. எழுத்தெண்ணிப் பார்த்தால் முதல் வாக்கியம்தான் எளிது. இரண்டாவதில் ஒரு சொல்லே பன்னிரண்டு எழுத்துக்கு நீள்கிறது. ஆனாலும் பிள்ளை தடுக்கி நிற்பது முதல் வாக்கியத்தில்தான். அதற்குத் தெரிந்த பனி, மார்கழி விடியலில் பயிர்மேல் படிந்திருந்து வெயில் ஏறியதும் காணாமல் போவது. கையால் அள்ளவே முடியாத ஒன்றைப் பிடித்து மனிதனாகச் செய்வது எப்படி? எழுத்தெல்லாம் கூட்டிப் படித்து முடித்த பிறகும் கதை உள்ளே போகவில்லை. பருத்திமார் எரியும் சடசடப்பைக் கேட்டே வளர்ந்த காதுக்கு அந்த நீண்ட வினைச்சொல் ஒரு தடையே இல்லை. ஒரு நூலின் கடினம் தாளில் மட்டும் இருப்பதில்லை, தாளுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்கிறது. பள்ளி நூலகர் நூலை மதிப்பிட வேண்டிய இடமும் அந்த நடுவிடம்தான் என்பதே இவ்விதழில் நாம் வற்புறுத்த விரும்புவது.

நாம் இப்போது கையில் வைத்திருக்கும் அளவுகோல்களில் பல வேறு மொழிக்காகச் செய்யப்பட்டவை. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் ஆங்கிலத்துக்கு வகுத்த வாய்பாடு, ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை அசை என்று கணக்கிட்டு நூலின் கடினத்தைச் சொல்லியது. விகுதியும் சாரியையும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போகும் தமிழில் சொல்லின் நீளம் கடினத்தின் அடையாளம் ஆகாது. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பதை மூன்று வயதுக் குழந்தை பேச்சில் தன் போக்கில் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. ‘அறம்’ மூன்றெழுத்துதான், அதை விளக்க ஒரு பாடவேளை போதாது. வாய்பாட்டை யாரும் நேரடியாகப் பயன்படுத்தாவிட்டாலும் அதன் நிழல் நம்மிடம் இருக்கிறது. சிறிய சொல், சிறிய வாக்கியம், பெரிய எழுத்து என்றால் சின்ன வகுப்புக்கு என்று அடுக்கிவிடுகிறோம். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரித்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளமும் கதைகளை நான்கு நிலைகளாகத்தான் வைத்திருக்கிறது. வகுப்பைக் கொண்டு வயதைப் பூட்டாமல், வாசிப்புத் திறனைக் கொண்டு நூலைத் தரும் இந்த முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. பெயர்களும் அழகானவை. ஆனால் மாநிலம் முழுமைக்கும் ஒரே படியாக ஒட்டப்படும் எந்தச் சீட்டும், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கும் எட்டயபுரத்துப் பிள்ளைக்கும் ஒரே நூல் ஒரே உயரத்தில் இருப்பதாகக் கருதித்தான் ஆக வேண்டும். அந்தக் கருதுதலைச் சரிபார்க்கும் வேலை பள்ளியில் இருக்கும் நம்முடையது.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1979-இல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களும் இந்தியர்களும் இரண்டு கடிதங்களைப் படித்தார்கள். ஒன்று அமெரிக்கத் திருமணம் பற்றியது, இன்னொன்று இந்தியத் திருமணம் பற்றியது. இரு சாராரும் தத்தம் ஊர்க் கல்யாணத்தை விரைவாகப் படித்தார்கள், கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அயலூர்க் கல்யாணத்தில் மறந்தது போக, மாற்றியும் புரிந்துகொண்டார்கள். பாட்டியின் திருமண உடையை மணப்பெண் அணிந்தாள் என்பது அமெரிக்கருக்குப் பெருமைக்குரிய வழக்கம். அதைப் படித்த இந்தியர் ஒருவருக்கோ, பழைய, வழக்கொழிந்த துணியை உடுத்திய பெண்ணாக அவள் தெரிந்தாள். இவர்கள் எல்லாரும் ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள். 1988-இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்து, பிறகு மர பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயரெடுத்த, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். பேஸ்பாலுக்குப் பதில் கிட்டிப்புள்ளை வைத்துக்கொண்டால் நம் வகுப்பறைக்கு இதன் பொருள் விளங்கும். ‘மெல்லக் கற்போர்’ என்று நாம் ஒரு பிள்ளைமேல் ஒட்டும் சீட்டு, சில வேளைகளில் நூலின்மேல் ஒட்ட வேண்டியது.

இனி கரிசலைப் பார்ப்போம். தமிழில் சிறுவர் படநூலில் ‘கிராமம்’ என்றால் பெரும்பாலும் வருவது ஓர் ஆறு, இரு கரையிலும் தென்னை, நடுவே பச்சை வயல். காவிரிக்கரைக்கு அது பொருந்தும். இங்கே கண்மாயும் ஊருணியும் ஓடையும்தான் நீர். நிலம் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம், மல்லி, இப்போது மக்காச்சோளம். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மழைக்குப் பின் காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். நிலத்தை எப்போதும் செம்பழுப்பாகத் தீட்டும் ஓவியம் இந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு நாட்டுப் படம். ஓவியர் அறியாமல் செய்ததுதான், பெருங்குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நூறு நூல்களில் ஒன்றில்கூடத் தன் மண்ணின் நிறம் இல்லையென்றால், புத்தகம் என்பது வேறு யாரைப் பற்றியோ என்ற முடிவுக்குப் பிள்ளை வருவது இயல்பு. மண்ணைவிட நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது தொழில். இந்த வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகளின் தாய்மார் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர்கள். தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அந்தக் கொடுமையைச் சொல்லும் கதைகள் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் தீப்பெட்டி ஆலை என்றாலே இருட்டு, கண்ணீர், நகரத்திலிருந்து வந்து மீட்கும் நல்லவர் என்று மட்டுமே எழுதப்பட்ட நூலை, அன்று காலையில் அம்மாவை ஆலை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த பிள்ளை எப்படிப் படிக்கும்? அந்தத் தாய் கதையில் இரக்கத்துக்குரிய பொருளாக நிற்கிறாளா, கூலியைக் கணக்குப் பார்க்கவும் வேடிக்கை பேசவும் கோபப்படவும் தெரிந்த மனுஷியாக வருகிறாளா என்பது நம் மதிப்பீட்டில் முதல் வரிசையில் வர வேண்டிய கேள்வி. அச்சு, தாள், கட்டமைப்பு, ‘நல்ல கருத்து’ என்று மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தட்டுப்படாது.

மொழி பற்றிய தயக்கமே நம்மிடம் மிகுதி. பேச்சுவழக்கு வரும் நூலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் தேர்வுத்தாளிலும் அப்படியே எழுதிவிடுவார்கள் என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் குறை. கென்னத் குட்மன் 1969-இல் முன்வைத்த ஒரு பார்வை இங்கே உதவும். வாய்விட்டு வாசிக்கும்போது நேரும் பிறழ்ச்சிகளைத் தவறு என்று அடித்துவிடாமல், அவை எதைக் காட்டுகின்றன என்று பார்க்கச் சொன்னார் அவர். ‘பாத்திரம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை ‘ஏனம்’ என்று வாசித்தால், அது எழுத்தைத் தாண்டிப் பொருளைப் பிடித்துவிட்டது. ‘பாத்திரம்’ என்று பிசகாமல் உச்சரித்துவிட்டு, எதைக் கழுவினார்கள் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்குத்தான் நம் உதவி தேவை. இந்த மண்ணின் சொற்கள் இலக்கணம் கெட்ட மிச்சம்மீதிகள் என்ற எண்ணத்துக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இலேயே விடை சொல்லிவிட்டார். கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். இடைசெவல் ஒரு சிற்றூர். அங்கே பிறந்த இருவருக்கு, கு. அழகிரிசாமிக்கு 1970-இலும் கி.ரா.வுக்கு 1991-இலும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இந்த வட்டாரத்துப் பூமணிக்கு 2014-இல், சோ. தர்மனுக்கு 2019-இல். உரைநடையில் இவ்வளவு செழித்த ஒரு பேச்சு, பள்ளி நூலக அலமாரியில் மட்டும் வெட்கப்பட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. கரிசலில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசம், கி.ரா.வின் குடும்பமும் அத்தகையதே. அந்தப் பிள்ளைக்கு ‘வட்டார வழக்கு’ என்று நாம் மகிழ்ந்து நீட்டும் நூலும் தெருவில் கற்ற மொழிதான், அடுப்படி மொழி அன்று. ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து இருக்கும் இருவருக்கும் ஒரே நூல் ஒரே தூரத்தில் இல்லை. ‘உள்ளூர் நூல்’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டு நிம்மதியாக இருக்கவும் வழியில்லை என்று இதனால்தான் சொல்கிறோம்.

அப்படியானால் பிள்ளைகளைக் கண்மாய்க்கரையிலேயே கட்டிப்போடச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். வலுவான கேள்வி. பனிமனிதனை ஒருபோதும் சந்திக்காத வாசிப்பு, வாசிப்பே இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதோடு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் இருக்கிறது. பின்னது நூலகரின் முனைப்பைக் கோருவது. தூரத்து நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. அது தூரத்தில் இருக்கிறது என்பதை அறிந்து, பாலம் போட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். ஆலங்கட்டி மழை பார்த்த பிள்ளையிடம் அதிலிருந்து தொடங்கினால் பனிமனிதன் பத்து நிமிடத்தில் எழுந்து நின்றுவிடுவான். பாலம் வேண்டும் என்பதே தெரியாமல் கொடுத்தால், நூல் வழங்கல் பதிவேட்டில் மட்டும் படிக்கப்பட்டதாக இருக்கும். எழுத்தாளரின் ஊரை வைத்தும் தூரத்தை அளக்க முடியாது. கோவில்பட்டிக்காரரான உதயசங்கருக்கு 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றுத் தந்த ‘ஆதனின் பொம்மை’ கீழடியைத் தொட்டுப் பேசும் நாவல். உள்ளூர்க்காரர் எழுதியது, போய்ச் சேரும் இடமோ இரண்டாயிரம் ஆண்டுக்கு அப்பால். அதற்கும் பாலம் வேண்டும்தான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதைச் சொல்பவர்கள்மேல் வருத்தப்பட முடியாது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்ற பணியிடமே இல்லை. ஏற்கெனவே பாடச்சுமை உள்ள ஓர் ஆசிரியரிடம் அலமாரிச் சாவி கூடுதல் பொறுப்பாக வந்து சேர்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிதோறும் கதைநூல்கள் உள்ளிட்ட நூலகம் வேண்டும் என்கிறது. அதை நடத்த ஆள் வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. நூல்களும் மேலிருந்து தேர்ந்து அனுப்பப்பட்டுக் கட்டாக வந்து இறங்குகின்றன. தேர்வு செய்யும் உரிமையே இல்லாதவர் மதிப்பிட்டு என்ன ஆகப்போகிறது? மதிப்பீடு என்றாலே வாங்குவதற்கு முன் செய்வது என்று நாம் பழகியதால் எழும் கேள்வி இது. வந்து இறங்கிய நூலில் எதைப் பிள்ளை கைக்கு எட்டும் தட்டில் வைப்பது, எதை முதலில் நாம் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது, எதை எந்த நூலோடு சேர்த்துக் கொடுப்பது, எதை இந்த ஆண்டு உள்ளே வைத்துவிடுவது ஆகிய முடிவுகள் எல்லாம் பள்ளிக்குள்தான் எடுக்கப்படுகின்றன. அவற்றை எடுக்கிறோம் என்பதை உணராமலே எடுத்துவருகிறோம். கட்டை அவிழ்த்து, இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு, அளவு வாரியாக அடுக்குவதும் ஒரு முடிவுதான்.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை அன்று. ஒரு நூலகப் பாடவேளையில் ஐந்தாறு பிள்ளைகளிடம் ஒரு நூல். படிக்கும்போது எங்கே நின்றார்கள், எந்தச் சொல்லை எதுவாக மாற்றினார்கள், மூடிவைத்த பிறகு கதையைத் திருப்பிச் சொல்லும்போது எதை விட்டார்கள், எதைத் தாமாகச் சேர்த்தார்கள் என்று நான்கு வரி. நன்றாக இருந்ததா என்று கேட்பதால் பயனில்லை. ஆசிரியர் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நூலும் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளின் விருப்பத்தை அளவுகோலாக்கினால் மினுமினுப்பான அட்டைதானே வெல்லும் என்ற ஐயத்துக்கும் இதில் விடை உண்டு. நாம் குறித்துக்கொள்வது விருப்பத்தை அன்று, நூல் போய்ச் சேர்ந்த தூரத்தை. உடல் பாதுகாப்பைப் பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ போன்ற நூலைப் பெரியவர்களின் கூச்சம் கருதி அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளுவதும், பிள்ளைகள் ஆசையாக எடுக்கவில்லை என்று தள்ளுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். அத்தகைய நூலுக்கு யார் முன்னிலையில், எந்த உரையாடலோடு என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஐந்தாறு பிள்ளைகளைக் கொண்டு ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆய்வு ஆகுமா என்றால், ஆகாது. ஒரு பள்ளியின் குறிப்பு அந்தப் பள்ளிக்கு மட்டுமே செல்லும். விளாத்திகுளத்திலிருந்து ஒன்று, கயத்தாற்றிலிருந்து ஒன்று, சாத்தூரிலிருந்து ஒன்று என்று ஒரே நூலுக்குப் பத்துக் குறிப்புகள் சேரும்போது, பதிப்பகத்தாரும் ஓவியரும் துறையின் தேர்வுக் குழுவும் தங்கள் மேசையில் காண முடியாத ஒன்று அதில் தெரியும்.

இதழின் மதிப்புரைப் பகுதிக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை கதைச் சுருக்கமும் பாராட்டும் ‘ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டிய நூல்’ என்ற முத்தாய்ப்புமாகவே இருக்கின்றன. அந்தக் கடைசி வரியை நாமும் பலமுறை அச்சிட்டிருக்கிறோம். வரும் இதழிலிருந்து, எந்த ஊரில், எந்த வகுப்பில், எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள் என்ற விவரம் இல்லாத சிறுவர் நூல் மதிப்புரைகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் மாற்றி வாசித்த சொல் இருந்தால் அதை அப்படியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கள்.