முத்திரை அறியாத பசு

நகரத்துக் கடைகளில் அதிக விலை கொடுத்து ஆர்கானிக் பால் வாங்கிச் செல்லும் படித்த குடும்பங்களிடையே ஓர் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. புட்டியின்மேல் அந்த முத்திரை பதிந்திருந்தால், பாலைத் தந்த பசு திறந்த வெளியில் மேய்ந்து, கன்றுக்கு வேண்டியமட்டும் ஊட்டி, நோயுற்றபோது தக்க வைத்தியம் பெற்று, சுகமாக வாழ்ந்திருக்கிறது என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இது பிழையான நம்பிக்கை, வாயில்லா ஜீவனுக்குத் தீங்கு இழைக்கும் நம்பிக்கை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

'இந்தியா ஆர்கானிக்' என்னும் முத்திரை மத்திய வர்த்தக அமைச்சகத்தின் திட்டத்திலிருந்து பிறந்தது. கடல் கடந்து செல்லும் தேயிலைக்கும் பஞ்சுக்கும் நற்சான்று வேண்டியிருந்த காலத்தில் உருவான அந்தத் திட்டத்தில், கால்நடைக்கான விதிகள் பிற்பாடுதான் வந்து சேர்ந்தன. உள்நாட்டுக் கடைகளில் காணும் 'ஜைவிக் பாரத்' முத்திரையோ 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின் விளைவு. தீவனம் ரசாயன உரமின்றி விளைந்ததா, வளர்ச்சிக்கான ஹார்மோன் தவிர்க்கப்பட்டதா, நோயில்லாத மாட்டுக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுக்கப்படாமல் இருந்ததா என்பவையே இவ்விதிகளின் பிரதான கவலைகள். பிராணியின் சௌகரியத்தைப் பற்றியும் விதிகளில் சில வாசகங்கள் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறை வந்து, பதிவேட்டைப் புரட்டி, கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் பரிசோதகருக்கு, பசுவின் வயிற்றுக்குள் சென்றதற்கு ரசீது கிடைக்கும். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் அது எவ்வளவு நீளக் கயிற்றில் நின்றது, எதன்மேல் படுத்தது என்பதற்கு எந்த ரசீதும் கிடையாது.

வெளிநாட்டு விதிகள் இவ்விஷயத்தில் மேலானவை என்று எண்ணுவோரும் உளர். அமெரிக்க நாட்டில் நோயுற்ற ஒரு பசுவுக்கு ஆன்டிபயாடிக் செலுத்தினால், அந்தக் கணமே அது ஆர்கானிக் தகுதியை என்றென்றைக்கும் இழக்கிறது. வைத்தியத்தை மறுக்கக் கூடாது என்றும் அதே விதி கட்டளையிடுகிறது. என்றாலும், மடிநோய் கண்டு காய்ச்சலில் துவளும் மாட்டுக்கு மருந்து கொடுத்து முத்திரையை இழப்பதா, இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதா என்று பண்ணைக்காரன் தடுமாறும் நிலைமையை உண்டாக்கியது அந்தத் தூய்மை விதியே அல்லவா? ஐரோப்பிய விதி, கன்றுக்கு 90 நாட்கள் இயற்கையான பால் ஊட்ட வேண்டும் என்கிறது. தாயின் மடியில் ஊட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பிரித்துக் கட்டிய கன்றுக்கு வாளியில் வார்த்தாலும் விதி நிறைவேறிவிடுகிறது. குடிப்பவனுடைய உடம்புக்குத் தூய்மையைத் தேடுவது ஒரு காரியம். கறவையினுடைய வாழ்வுக்கு ஜீவகாருண்யத்தைத் தேடுவது வேறொரு காரியம். இரண்டையும் ஒரே முத்திரைக்குள் அடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் நம் ஏமாற்றம் தொடங்குகிறது.

முத்திரையையே கண்டறியாத மாடுகள் எப்படி வாழ்கின்றன என்று அறிய விரும்புவோர் கர்நாடகத்திலுள்ள ஹனூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம். 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பின் மைசூருக்குப் போய், இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கொள்ளேகாலச் சீமையில், மலை மாதேசுவரர் காட்டை ஒட்டிய ஊர்களின் மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மேய்ந்து, 'தொட்டி' என்று கன்னடத்தில் வழங்கும் பட்டிகளில் அடைந்து வந்திருக்கின்றன. எல்லைக்கு இப்பால் பர்கூர் மலையில், செந்நிறத் தோலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகளின் வாழ்க்கையும் இத்தகையதே. கறவை சொற்பம், உழவும் எருவுமே முக்கியம். பரிசோதகர் கேட்கும் பதிவேடு அங்கே எந்தத் தொட்டியிலும் இராது. ஆனால் மாடு நாளெல்லாம் நடக்கிறது, தன் விருப்பப்படி புல்லைத் தேர்ந்து மேய்கிறது, மந்தையோடு மந்தையாகப் படுக்கிறது. ஒரு பிராணி தன் இயல்புக்கேற்ப வாழ்வது என்றால் இதைவிட வேறென்ன?

இப்படிச் சொல்வதனால் அது சொர்க்கமென்று யாரும் கருத வேண்டாம். கோடையில் புல் காய்ந்தால் எலும்பு தெரியும், உண்ணி பிடுங்கும், புலியும் சிறுத்தையும் காத்திருக்கும். 2025 ஜூன் மாதத்தில், அதே ஹனூர் வட்டத்து ஹூக்யம் வனச்சரகத்தில், ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த பசுவின் சடலத்தில் விஷம் இடப்பட்டிருந்தது. புலியை வாகனமாகக் கொண்ட மாதேசுவரரின் மலையிலேயே இந்தப் பாதகம் நிகழ்ந்தது என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது. அடுத்த மாதமே, காட்டுக்குள் மாடு மேய்ப்பதைத் தடுக்குமாறு கர்நாடக வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். பசுவின் சுகம், புலியின் உயிர், மேய்ப்பவனின் வயிறு என்ற மூன்றும் ஒரே காட்டில் மோதிக்கொள்கின்றன. இந்த மோதலைப் பற்றி எந்தப் புட்டியின் முத்திரையும் ஒரு வார்த்தை பேசாது.

'ஏ2', 'நாட்டுப்பசு' என்ற சொற்களை நம்புவோரின் நிலைமை இன்னும் பரிதாபமானது. ஏ2 என்பது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகை. மாடு வாழ்ந்த விதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அச்சொல்லை உறைகளிலிருந்து நீக்கும்படி 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்து, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பிராணிகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960இல் வந்தது; அதற்காக ராஜ்ய சபையில் முதலில் வாதாடிய ருக்மிணி தேவி அருண்டேல், பிராணி துன்புறுகிறதா என்று கேட்டாரேயன்றி அதன் தீவனத்தின் தூய்மையைக் கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்வியையே வாசகர்களாகிய நீங்களும் உங்கள் பால்காரரிடம் கேளுங்கள்: மாடு ஒரு நாளில் எவ்வளவு நேரம் கட்டவிழ்ந்து நடக்கிறது? கன்று எத்தனை நாள் தாயோடு இருக்கிறது? பிறந்த காளைக்கன்று எங்கே போயிற்று? போன மாதம் நோயுற்ற மாட்டுக்கு என்ன வைத்தியம் நடந்தது? பதில் சொல்லத் தயங்காதவரிடம் பால் வாங்குங்கள். முடிந்தால் ஒரு நாள் அவருடைய கொட்டிலுக்கே போய், அந்த மாட்டை நேரில் பார்த்து வாருங்கள்.