சிறு எரிச்சலும் பெருஞ்சினமும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று அவ்வூரார் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வரவும் அதே தொலைவு. வாழ்வாதாரம் பறிபோனதையே தாங்கிக்கொண்ட இம்மக்களும், கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவரையோ, கைப்பேசியில் ஊருக்கே பாட்டு வைப்பவரையோ கண்டால் கொதித்துப் போகின்றனர்.

இதனை அற்பம் என்று தள்ளிவிடலாகாது. இவர்களின் முன்னோர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உழைத்தவர்கள். அங்கே பாறையின் வெப்பத்துக்கு யாரை நோவது? பக்கத்து இருக்கையின் இரைச்சலோ, ‘நீ எனக்கு ஒரு பொருட்டல்ல’ என்று சொல்வதாகத் தோன்றுகிறது. உறுத்துவது ஓசையன்று, அவமதிப்பு. வங்கி வரிசையில் ‘ஒரே ஒரு சந்தேகம்’ என்று இடையில் நுழைபவர்மீது எழும் கோபமும் இத்தகையதே. நாம் இழப்பது இரண்டு நிமிடம்தான். குமுறுவதோ நாள் முழுவதும்.

பெரும்பாலும் அங்கே அவமதிக்கும் எண்ணம் இருப்பதில்லை, கவனக்குறைவுதான். அதை அறிய வாய்திறந்து கேட்பதே வழி. ‘அண்ணா, சத்தத்தைச் சற்றுக் குறையுங்களேன்’ என்று முதல் நாளே சொன்னால் அது வேண்டுகோள். பல நாள் பல்லைக் கடித்திருந்துவிட்டுச் சொன்னால் அது சண்டை. ஆண்டுக்கணக்கில் ஒரே பெட்டியில் செல்வோருக்கு அப்பகை கட்டுப்படியாகாது. நாம் மயங்கி விழுந்தால் தண்ணீர் தருபவரும், நகரில் வேலை காலியிருப்பதைச் சொல்பவரும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்தாம்.