கடைசித் துளியும் செடிக்கே

2023 டிசம்பரில், கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருதைப் பெறத் திருவனந்தபுரம் வந்தார் கென்ய இயக்குநர் வனூரி கஹியு. பலரும் அறிந்தது, சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட அவரது 'ரஃபிகி'யை (2018). 2009லேயே 'பும்ஸி' என்ற விஞ்ஞானக் குறும்படத்தை எழுதி இயக்கியவர் அவர். ஸ்வாஹிலியில் 'மூச்சு' என்று பொருள். தண்ணீருக்காக நடந்த மூன்றாம் உலகப் போர் முடிந்து 35 ஆண்டுகள் கழித்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் நடக்கும் கதை. வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள் மக்கள். வெளியே காலெடுத்து வைக்கத் தடை. தடையை மீறிச் செடியுடன் பாலைவனத்தில் நடக்கும் ஆஷா, கடைசித் துளி நீரையும் அதற்கே ஊற்றுகிறாள். ஆப்பிரிக்காவைக் காப்பாற்ற வெளியிலிருந்து யாரோ வரும் படங்களே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசு. கஹியுவுக்கு அல்ல: ஆப்பிரிக்கக் கதைசொல்லலில் விஞ்ஞானமும் மாயமும் என்றுமே உண்டு என்பது அவர் கட்சி.