வாயிலில் நிற்கும் பெற்றோர்

தமிழ்ப்பள்ளி தமிழ்க் குழந்தைக்கே உரியது. பிற இனத்தார் தம் பிள்ளையை இங்குச் சேர்ப்பாராயின் நம் வழக்கத்திற்கு இணங்குவது அவர்தம் கடமை. அதற்கென ஆசிரியர் தனியே ஆயத்தம் செய்ய வேண்டுவதில்லை. இவ்வாறு கூறுவோர் நம் ஆசிரியர் அறைகளில் உளர். தமிழ்ப்பற்றின் பெயரால் எழும் இக்கூற்றுத் தமிழுக்கும் பெருமை சேர்க்காது; ஆசிரியத் தொழிலுக்கும் பெருமை சேர்க்காது.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் மலாய், சீன, பூர்வக்குடிப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்கள் சிலரே. ஆயினும் சிலர் என்பதற்காக ஆசிரியரின் பொறுப்புக் குறைந்துவிடுமோ?

என் பிழையையே முதலில் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரப் பள்ளியொன்றில் நான் ஆசிரியராய் இருந்தபோது, செமாய் இனத் தாய் ஒருவர் தம் மகனை என் வகுப்பில் சேர்த்தார். அவனை அன்போடுதான் வரவேற்றேன். ஒருநாள் அவன் எழுத மறுத்தான். நான் குரலை உயர்த்தினேன். மறுநாள் அவன் வரவில்லை. தாயைக் கண்டு காரணம் வினவினேன். "அவனுக்கு மனமில்லை, ஐயா" என்று மலாயில் அமைதியாக விடையளித்தார். கல்வியில் அக்கறையற்ற பெற்றோர் என என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த இடம் ஆண்டிறுதிவரை காலியாகவே கிடந்தது.

காலங்கடந்தே செமாய் மக்களைப் பற்றிப் படித்தேன். ஒருவரை, அவர் குழந்தையேயாயினும், மனத்துக்கு மாறாக வற்புறுத்துவதை அவர்கள் தவறெனக் கருதுகின்றனர். மானிடவியலறிஞர் ராபர்ட் டென்டன் 1968ஆம் ஆண்டிலேயே அம்மக்களைப் பற்றி நூல் எழுதியிருந்தார். அக்கறையின்மை என்று நான் குறித்து வைத்தது அத்தாயின் அறம்! என்னிடம் அன்பு இருந்தது; அறிவு இருக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தக் கற்றேன். பெற்றோரை அறியக் கற்றேனில்லை.

ஆயத்தம் என்பது பெரும்பொருள் வேண்டும் செயலன்று. சீனப் பெயரில் முதலில் நிற்பது குடும்பப் பெயர். அதை மட்டும் சொல்லி அழைப்பது பிள்ளையை அழைப்பதாகாது. மலாய்ப் பெயரில் 'பின்', 'பிந்தி' என்பவற்றிற்குப் பின் வருவது தந்தையின் பெயர். செமாய்க் குழந்தையின் தாய்மொழி மலாயன்று. ஆதலின் மலாய்ச் சுற்றறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. நேரில் சென்று விளக்குதல் வேண்டும். நோன்பு மாதத்தில் நண்பகல் வெயிலில் ஓட்டப் பயிற்சி வைக்கலாகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சொல்லும் விளங்காது அமர்ந்திருக்கும் தாயின் அருகே, மொழிபெயர்த்துக் கூற ஒருவரை அமர்த்துதல் வேண்டும். இவை யாவும் பிள்ளை வருமுன்னரே செய்யத்தக்கவை.

இதனால் தமிழ் நீர்த்துப்போகாதோ என்பர். பயிற்றுமொழியை மாற்றுமாறு யார் சொன்னார்? பாடம் தமிழிலேயே நடக்கட்டும். தம்மை மதிக்கும் ஆசிரியரின் மொழியைத்தான் பிள்ளை விரும்பிக் கற்கும்.

தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுமாறு நம் பெற்றோரிடம் வலியுறுத்துகிறோம்; வலியுறுத்தவும் வேண்டும். அங்கே நம் பிள்ளைக்கு இடம் கேட்கும் நாம், இங்கே பிறர் பிள்ளைக்கு மனத்தில் இடம் மறுப்பது எவ்வகை நீதி? தோட்டத் துரையின் அலுவலகத்தில், மொழி புரியாது, கிராணியின் முகம் பார்த்துக் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லமோ நாம்?

விருந்தோம்பல் பற்றிய குறளை மாணவரை மனப்பாடம் செய்விக்கிறோம். ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களே! நாளை உங்கள் பள்ளி வாயிலில் வேற்றுமொழி பேசும் தாயொருவர் பிள்ளையின் கையைப் பற்றி நிற்பார். அவரைப் பற்றி அன்று அறிந்துகொள்ளலாம் என்றிராதீர். இன்றே அறியத் தொடங்குங்கள். என் வகுப்பில் காலியான அந்த இடம் உங்கள் வகுப்பிலும் காலியாக வேண்டா.