இரண்டு வாசல், இரண்டு கேள்வி



போன வாரம் ஒருநாள் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தால், சித்தி மகனிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னவோ ஏதோ என்று பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

"அக்கா, புது சாஃப்ட்வேர் ஒன்னு போட்டேன். பிரவுசர்ல லாகின் பண்ணி 'அனுமதி'யும் அழுத்திட்டேன். 'முடிந்தது, இந்தப் பக்கத்தை மூடலாம்'னு வருது. ஆனா சாஃப்ட்வேர் சுத்திக்கிட்டே இருந்துட்டு 407னு எர்ரர் காட்டுது. நாளைக்குக் காலையில ரிப்போர்ட் கொடுக்கணும் லா!"

அடுத்து அவன் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பக்கத்து மேசை அண்ணன் ஒருவர், "ப்ராக்ஸி செட்டிங்கில் என் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுக்கோ, வேலை முடிஞ்சிரும்" என்று நல்ல மனத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"போட்டுறவா அக்கா?"

"போடாதே" என்றேன்.

நான் கணினி படித்தவள் இல்லை. படித்தது ஊடகத்துறை. ஆனால் எங்கள் வானொலி நிலையத்தில் ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றோடு இதே கூத்து நடந்து, எங்கள் ஐ.டி. அண்ணன் பொறுமையாக விளக்கியது நினைவில் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் அதே ஆண்டில் பினாங்குக்கு வந்தது. அங்குள்ள தொழிற்சாலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாசலில் பாதுகாவலர் நம்மிடம் பாஸ் கேட்பார். உள்ளே போன பிறகு, ஒரு குறிப்பிட்ட அறைக்குள் நுழைய வேறொரு அனுமதி வேண்டும். முதல் பாஸ் இரண்டாவது கதவைத் திறக்காது.

அலுவலகக் கணினியிலும் இதே கதைதான். ப்ராக்ஸி என்பது கம்பெனியின் வாசல் காவல். உள்ளிருந்து இணையத்துக்குப் போகும் கோரிக்கைகளை வாங்கி, நம் சார்பில் வெளியே கொண்டுபோய், பதிலைக் கொண்டுவந்து தரும். அது கேட்பது, "நீ இந்தக் கம்பெனி ஆளா?" வெளியே இருக்கும் சேவை கேட்பது வேறு: "இந்தக் கணக்கு உன்னுடையதா? இந்த மென்பொருள் அதைத் தொடலாமா?"

இப்போது பல மென்பொருள்கள் கடவுச்சொல்லைத் தாங்களே கேட்பதில்லை. பிரவுசரைத் திறந்துவிடுகின்றன. காரணம் இருக்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2017 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 8252 அப்படித்தான் வழிகாட்டுகிறது. நம் கடவுச்சொல் சேவைக்கு மட்டும் தெரிந்தால் போதும், இடையில் உள்ள மென்பொருளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நாம் 'அனுமதி' அழுத்தியதும் சேவை ஒரு தற்காலிகக் குறியீட்டைத் தருகிறது. பிரவுசர் அதை 127.0.0.1 என்ற முகவரி வழியாக மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. அது நம் கணினியின் சொந்த முகவரி. அதனால் இந்தக் கைமாற்றம் கணினிக்குள்ளேயே நடக்கிறது, வாசலைத் தாண்டுவதில்லை. 'முடிந்தது' என்று பிரவுசர் சொல்வது இந்த இடத்தில்தான்.

உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு மென்பொருள் தானே வெளியே போய், சேவையிடம் கொடுத்து, சாவியை வாங்கி வர வேண்டும். பிரவுசர் நம் விண்டோஸ் லாகினைக் காட்டி வாசலைக் கடந்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாத மென்பொருள் வெறுங்கையோடு போய் நிற்கும். அப்போது ப்ராக்ஸி சொல்லும் பதில்தான் 407: "முதலில் என்னிடம் உன்னை அடையாளம் காட்டு." இதுவே 401 என்று வந்தால், மறுப்பது ப்ராக்ஸி அல்ல, வெளியே இருக்கும் சேவை. இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் போய்க் கேட்பது என்பதை அவையே சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில கம்பெனிகளின் ப்ராக்ஸி, பூட்டிய செய்தியைத் திறந்து பார்த்துவிட்டு, கம்பெனியின் சொந்தச் சான்றிதழைப் போட்டு மறுபடி பூட்டி அனுப்பும். பிரவுசருக்கு அந்தச் சான்றிதழ் தெரியும். புதிய மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம், அதனால் நம்ப மறுக்கும். அப்போது "சான்றிதழ் சோதனையை நிறுத்திவிடு" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்திவிட்டால், நடுவில் நிற்பது கம்பெனியா திருடனா என்று மென்பொருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொள்வதும் சரியான வழி இல்லை. அது காவலர் கண்ணில் படாமல் வேலி தாண்டுவது மாதிரி.

சரி, அந்த அண்ணனின் கடவுச்சொல்லைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை நடந்திருக்கும். ஆனால் சில மென்பொருள்கள் அந்த விவரத்தை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய சாதாரணக் கோப்பில் எழுதி வைக்கும். அதன்பிறகு அந்த மென்பொருள் செய்வதெல்லாம் ப்ராக்ஸியின் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறும். நாளை ஏதாவது தவறு நடந்தால், உதவி செய்த மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அப்போ ஐ.டி. பிரிவுலதான் கேக்கணுமா? புது ஆளு, இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாங்களே அக்கா."

அவனுடைய உண்மையான சிக்கல் இதுதான். 407 இல்லை, வெட்கம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது இருக்கிறது.

"அந்த எண்ணைச் சொல்லு. பிரவுசர் போகுது, சாஃப்ட்வேர் போகலைன்னு சொல்லு. விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு நினைப்பாங்க" என்றேன். ரிப்போர்ட் கொஞ்சம் தாமதமாகும் என்று மேலாளருக்கு இரவே தகவல் அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் காலை அவனிடமிருந்து குரல் செய்தி. மென்பொருளின் ப்ராக்ஸி அமைப்பை 'விண்டோஸ் அமைப்பைப் பயன்படுத்து' என்று மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான். யாருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. அண்ணன் எழுதிக் கொடுத்த தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்து, கடவுச்சொல்லை மாற்றிவிடும்படியும் சொல்லிவிட்டானாம்.

உங்களுக்கும் இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்த மென்பொருளுக்கு எப்போதோ 'அனுமதி' கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பழைய அலுவலகக் கணினியில் போட்டது இன்னும் பட்டியலில் இருந்தால், அதன் சாவி இன்னும் அங்கேயே இருக்கலாம். நீக்கிவிடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.