பொம்மசந்திராவில் நிற்கும் ரயில்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் கடைசிக்கு முந்தைய நிலையம் ஹெப்பகோடி. ஆர்.வி. சாலையில் புறப்படும் ரயில் 19.15 கி.மீ. ஓடி, 16-வது நிலையமான பொம்மசந்திராவில் நின்றுவிடுகிறது. ஓசூர் சாலை அங்கே நிற்பதில்லை. சந்தாபுரா, அத்திப்பள்ளி வழியாகத் தமிழக எல்லையைத் தாண்டிப் போகிறது. அதில் ஓடும் வாகனங்களின் புகையும் அப்படித்தான். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க அரசு என்ன செய்யலாம், தொழில்நுட்பம் எதைத் தரும், தனி மனிதரால் எவ்வளவு முடியும் என்ற கேள்விகளுக்கு ஹெப்பகோடியின் சாலையிலும் மொட்டை மாடியிலும் ஏரியிலும் விடை கிடைக்கிறது. தொழில்நுட்பம் வந்துவிட்டது. வழி இருந்தால் மக்களும் மாறிக்கொள்கிறார்கள். நிர்வாக எல்லைக்கோடுகள்தான் குறுக்கே கிடக்கின்றன. அவற்றைத் தாண்டித் திட்டமிடுவது கர்நாடக, தமிழக அரசுகளின் உடனடிக் கடமை.

ஹெப்பகோடி ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி, மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. உழைப்பாலும் போக்குவரத்தாலும் இது பெங்களூரின் ஒரு பகுதிதான். காகிதத்தில் மட்டும் தனி நகரசபை. பெங்களூரு மாநகராட்சி 2023 நவம்பரில் தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வை எட்டுவது அதன் இலக்கு. ஆனால் அந்தத் திட்டம் மாநகராட்சியின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்தபோதும் பழைய பரப்பே தொடர்ந்தது. ஆலைகளும் லாரிகளும் வாடகைக் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் இந்தப் புறநகர்ப் பட்டை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

விளைவுகள் மட்டும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. குளிர்ச்சிக்குப் பெயர்போன பெங்களூரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2022 செப்டம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழை, வெளிவட்டச் சாலையின் கணினி நிறுவனங்களையும் பல குடியிருப்புகளையும் முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. அடுத்த ஒன்றரை ஆண்டில், 2024 மார்ச்சில், ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி டேங்கர் விலைக்கு அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. வெயில், வெள்ளம், வறட்சி மூன்றையும் எட்டே ஆண்டுகளில் பார்த்துவிட்ட வட்டாரம் இது.

முதலில் சாலை. மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 7,160 கோடி ரூபாய்ச் செலவு. ஓட்டுநர் இல்லாமலே இயங்கக்கூடிய ரயில்கள். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. தூண்களும் தண்டவாளமும் தயாராகியும் ரயில் பெட்டிகள் வந்து சேராததால் தடம் பல மாதங்கள் சும்மா கிடந்தது. திறந்த நாளில் இருந்தவை மூன்றே ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒன்று. ஷிஃப்ட் நேரம் தவறினால் கூலி பிடிக்கப்படும் தொழிலாளிக்கு 25 நிமிடம் என்பது பெரிய இடைவெளி. பின்னர் ரயில்கள் கூடி இடைவெளி குறைந்தது. அதற்குள் மாதத் தவணையில் பைக் வாங்கியவர் அதை எளிதில் விட்டுவிடமாட்டார்.

அந்த பைக்கின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஓசூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து திரும்பும் ஒருவர் நாளுக்கு 40 கி.மீ. ஓட்டுகிறார், வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. தருகிறது என்று கொண்டால், நாளுக்கு இரண்டு கிலோ. ஆண்டுக்கு 280 வேலை நாளில் 570 கிலோ. ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு உமிழ்வு இரண்டு டன்னை ஒட்டியது. அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு சாலையிலேயே போய்விடுகிறது. அதே தூரத்தை மின்சார ஸ்கூட்டரில் கடந்தால், நிலக்கரி மிகுந்த இன்றைய மின்சாரத்தைக் கணக்கில் எடுத்தாலும், உமிழ்வு ஏறக்குறைய பாதியாகும். அந்த ஸ்கூட்டர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏத்தரின் ஆலை ஓசூரில் இருக்கிறது. ஓலாவின் ஆலை அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில்.

தனிமனிதர் செய்யக்கூடியது வண்டியை மாற்றுவது. அரசு செய்யக்கூடியது வண்டியே தேவைப்படாமல் செய்வது. பின்னதற்கே பலன் அதிகம். ஆனால் 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயணிகள் எண்ணிக்கை உடனே சரிந்தது. கர்நாடகத்தின் 'சக்தி' திட்டம் 2023 ஜூனிலிருந்து சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தருகிறது. மக்கள் நலத்திட்டமாக அறிவிக்கப்பட்ட அதுவே நல்ல காலநிலைத் திட்டமும்கூட. ஆயினும் கர்நாடக முகவரிச் சான்று இருந்தால்தான் சலுகை. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து இதே ஆலைகளில் வேலை செய்யும் பெண்ணின் ஆதார் அட்டையில் தமிழக முகவரி இருந்தால் அவர் டிக்கெட் எடுக்க வேண்டும். அவர் ஊர்ப் பேருந்தில் தமிழக அரசு 2021 முதல் அளிக்கும் இலவசப் பயணம் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது.

எல்லையின் பிடி தண்டவாளத்தில் இன்னும் இறுக்கம். ஓசூரையும் பொம்மசந்திராவையும் இணைக்கும் சுமார் 23 கி.மீ. மெட்ரோவுக்கான சாத்தியக்கூறு ஆய்வைச் சென்னை மெட்ரோ நிறுவனம் மேற்கொண்டது. பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தண்டவாளத்தின் ஓரத்திலுள்ள மூன்றாம் தண்டிலிருந்து எடுக்கிறது. தமிழகத் தரப்பு முன்வைப்பது தலைக்கு மேலே கம்பியில் பாயும் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். இரண்டும் ஒட்டாது என்பது பெங்களூரு மெட்ரோ நிறுவனத்தின் நிலை. உண்மைதான், ஒரே ரயில் இரண்டிலும் ஓடாது. ஆனால் ஒரே ரயில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? பயணி இறங்கி எதிர் நடைமேடையில் மாறி ஏறினால் போதும். உலகின் பெருநகரங்களில் தினமும் லட்சக்கணக்கானோர் செய்வது அதுதான். பெங்களூரு புறநகர் ரயிலின் 'கனகா' தடமும் ராஜானுகுண்டேயில் தொடங்கி, ஹெப்பகோடிக்கு அருகிலுள்ள ஹீலலிகேயில் முடிவதாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ரயில் தடங்கள், இரண்டும் ஓசூருக்கு முன்பே முடிகின்றன. இதற்கான காரணத்தைப் பொறியியலில் தேடுவது வீண்.

அடுத்து கூரை. ஹெப்பகோடி நிலையத்தின் நடைமேடையிலிருந்து பார்த்தால் மாடிகள் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, துணிக்கொடி, பல மாடிகளில் சாய்த்து வைத்த சூரிய வெந்நீர்க் கலன். அந்தக் கலன் மாடிக்கு வந்த கதையில் ஒரு பாடம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குக் கர்நாடகம் 2007-இல் அதைக் கட்டாயமாக்கியது. அது இல்லாவிட்டால் மின் இணைப்பு இல்லை என்று மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் சொன்னது; வைத்தவருக்கு மாத பில்லில் சிறு தள்ளுபடியும் கொடுத்தது. உள்ளூர்ப் பட்டறைகள் கலனை மலிவாகச் செய்தன. நூறு லிட்டர் கலன் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்; அதாவது ஒரு டன் கரியமில வாயு. காலநிலை பற்றிய பிரச்சாரத்தால் வந்த மாற்றமல்ல இது. விதி, விலை, கருவி மூன்றும் ஒரே நேரத்தில் கூடியதால் வந்தது.

சூரிய மின்தகட்டில் அந்தக் கூட்டணி அமையவில்லை. மத்திய அரசின் 'பிரதமர் சூரிய வீடு' திட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. கர்நாடகத்தின் 'கிருஹ ஜோதி' 2023-லிருந்து மாதம் 200 யூனிட் வரை மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. பில்லே வராதவர் எதற்காகத் தகடு போட வேண்டும்? ஓர் அரசு மானியம் கொடுத்து அழைக்க, இன்னொரு அரசு தேவையை இல்லாமலாக்குகிறது. இதற்காக ஏழையின் இலவச யூனிட்டைப் பறிக்கச் சொல்வது நியாயமாகாது. இலவச யூனிட்டுக்காக மாதாமாதம் மின் நிறுவனத்துக்குப் போகும் அரசு மானியத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, அதே வீடுகளின் கூரைகளில் மின் நிறுவனமே தகடு பதிக்கலாம். யூனிட்டும் தொடரும், செலவும் காலப்போக்கில் குறையும்.

ஆனால் ஹெப்பகோடியில் பெரும்பாலும் கூரை ஒருவருடையது, பில் கட்டுபவர் வேறொருவர். ஒற்றை அறை வாடகை வீட்டிலும் பி.ஜி. விடுதியிலும் இருப்பவருக்கு மாடிச் சாவியே கிடைக்காது. இவர்களுக்கும் வழி உண்டு. வேறோர் இடத்திலுள்ள தகடுகளில் பலர் பங்கு வைத்து, அதில் விளையும் யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்குத் தில்லி 2019-லேயே விதிமுறை வகுத்தது. பொம்மசந்திராவின் ஆலைக் கூரைகள் பரந்தவை. மெட்ரோ நிலையக் கூரைகளும் உண்டு. அவற்றில் குடியிருப்போருக்குப் பங்கு கொடுக்க என்ன தடை?

மூன்றாவது ஏரி. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்த ஹெப்பகோடி ஏரியைப் பயோகான் நிறுவனத்தின் அறக்கட்டளை மீட்டெடுத்தது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்தன. காற்றூட்டிகள் நீருக்கு ஆக்சிஜன் கொடுத்தன. மிதவைத் தீவுகளில் வளர்ந்த செடிகளின் வேர்கள் நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சின. துர்நாற்றம் வீசிய கரை நடைபயிற்சிக்கு ஏற்றதானது. தொழில்நுட்பமும் தனியார் பணமும் எதைச் சாதிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. அதன் வரம்பும் இங்கேயே தெரிகிறது. ஏரிகள் தனித்தனிக் கிண்ணங்கள் அல்ல, சங்கிலிக் கண்ணிகள். அருகிலுள்ள சந்தாபுரா ஏரி சீரழிந்ததற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு கண்ணியைத் துலக்கிவிட்டு அடுத்ததைச் சாக்கடைக்கு விட்டால் சங்கிலி தேறாது. கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அறக்கட்டளைகள் போடக்கூடியவையல்ல. அவை அரசின் வேலை.

ஏரிக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கழிவு தேங்கி ஆக்சிஜன் அற்ற நீர் மீத்தேனைக் கக்குகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இன்னொரு தொடர்பு மின்சாரம். காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு பெங்களூருக்கு வருகிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்கச் சுமார் இரண்டு யூனிட் வேண்டும். உள்ளூர் ஏரியும் நிலத்தடி நீரும் தரும் ஒவ்வொரு குடமும் அந்த மின்சாரத்தை மிச்சமாக்கும். பெங்களூரில் ஆண்டுக்கு 970 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் விழும். 6,000 லிட்டர் டேங்கரில் அளந்தால் 17, 18 லோடு. அதைத் தெருவில் ஓடவிட்டுக் கோடையில் டேங்கருக்குப் பணம் கொடுப்பது வீட்டுக்காரர் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய வழக்கம். மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் 2003-இல் கட்டாயமாக்கியபோது சென்னையின் கிணறுகளில் நீர் ஏறியது. பின்னர் கண்காணிப்பு தளர்ந்தபோது பல வீடுகளில் தொட்டி தூர்ந்தது. விதியோடு மேற்பார்வையும் வேண்டும் என்பதற்கு அந்த அனுபவம் போதும்.

கழிவுநீரும் எல்லை பார்ப்பதில்லை. பெங்களூரின் கிழக்கு, தென்கிழக்குக் கழிவு தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதைத் தமிழக விவசாயிகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

உலகைச் சூடாக்கியவை பணக்கார நாடுகள், ஹெப்பகோடி ஏன் சுமக்க வேண்டும் என்ற வாதம் உண்டு. பழிக்கணக்கில் அது சரி. ஆனால் மேலே சொன்னவற்றில் எதுவும் தியாகமல்ல. நேரத்துக்கு வரும் ரயில், குறையும் பில், நாறாத ஏரி எல்லாம் இங்குள்ளவர்களுக்கே லாபம். உமிழ்வு குறைவது கூடுதல் பலன். தனிமனிதர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற உபதேசமும் அவ்வளவே பிழையானது. ரயில் வராத நிலையத்தில் காத்திருக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. சொந்தக் கூரையும் காரும் உள்ளவர் பொறுப்பும், ஒற்றை அறையில் குடியிருப்பவர் பொறுப்பும் ஒன்றல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளிப் பட்டையைப் பெங்களூரின் காலநிலைச் செயல்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆனேக்கல் ஏரிகளை ஒரே சங்கிலியாகக் கருதிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் காலக்கெடு விதிக்க வேண்டும். நீரின் தரத்தை எல்லையின் இருபுறமும் கூட்டாக அளந்து வெளியிட வேண்டும். வாடகைக்கு இருப்போரும் சூரிய மின்சாரத்தில் பங்கு பெற வழி செய்ய வேண்டும். பொம்மசந்திராவில் நடைமேடை மாறும் ஏற்பாட்டோடு ஓசூர் மெட்ரோவை மறுபடி பரிசீலிக்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை, இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஓசூருக்கும் பொம்மசந்திரா நிலையத்துக்கும் இடையே ஷிஃப்ட் நேரத்தை ஒட்டி மின்சாரப் பேருந்து விடலாம். அதில் எந்த மாநிலத்து முகவரி உள்ள பெண்ணுக்கும் ஒரே சலுகை தரலாம். தண்டவாளம், வோல்ட், மூன்றாம் தண்டு எதுவும் இதற்குத் தேவையில்லை. இரண்டு அரசுகளின் அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.