பூட்டும் முத்திரையும்



தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். மின்-ஆதார் கோப்புக்கும் இது பொருந்தும் அன்றோ!

அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே. நம்மை அறிந்த எவரும் இதனை எளிதில் ஊகிக்கலாம். ஆகவே, நம் எம்.கே.பி. நகரில் பிரவுசிங் சென்டருக்குச் சென்றால், அச்செடுத்த உடனே கோப்பை அழித்துவிட்டு வருதல் நலம்.

பூட்டுத் திறந்ததால் கோப்பு உண்மையாகிவிடாது. பூட்டை யாரும் போடலாம். முத்திரையை உரியவரே இடமுடியும். கோப்பிலுள்ள மின் கையொப்பத்தைக் கணினியில் சரிபார்த்து, கேள்விக்குறி மாறிப் பச்சைக் குறி தோன்றிய பின்னரே நம்புவோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்திற்கு மதிப்பளிக்கிறது. அச்சிட்ட தாளிலோ அதனைச் சோதிக்க இயலாது.

கற்ற நாம் இதனை வீட்டாருக்கும் எடுத்துரைப்போம், விழிப்புடன் வாழ்வோம்!